பஞ்சுக்குள் போகும் சத்தம்: ஒலி உறிஞ்சும் பொருள்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் அறைகளின் ஒலியைச் சரிசெய்து கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். அல்சூரில் பாட்டு வகுப்பு நடத்தும் டீச்சர், கம்மனஹள்ளியில் மொட்டைமாடி அறையை ரெக்கார்டிங் அறையாக மாற்றும் தம்பி, பீன்யாவில் ஜெனரேட்டருக்குப் பெட்டி செய்யும் பட்டறைக்காரர் என்று கேட்கிறவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். கேள்விகள் மாறுவதில்லை. போனில் பாதி சொல்லி விட்டுப்போனதையெல்லாம் சேர்த்து, அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்வியைப் போட்டு இங்கே எழுதுகிறேன்.

அக்கா, சுவர் முழுக்க ஃபோம் ஒட்டிட்டா பக்கத்து வீட்டுச் சத்தம் உள்ள வராதுதானே?

வரும். ஃபோம், பஞ்சு போன்ற துளையுள்ள பொருள்கள் உங்கள் அறைக்குள் பிறக்கும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்புவதைக் குறைப்பவை. அடுத்த வீட்டுச் சத்தத்தைத் தடுக்க எடையும் இடைவெளி இல்லாத கட்டுமானமும் வேண்டும்: செங்கல், இரட்டை ஜிப்சம் போர்டு, கதவின் அடியில் ரப்பர். காற்று நுழைந்து போகும் பொருளுக்குள் சத்தமும் நுழைந்து போகும்.

இந்தப் பக்கம் முழுவதும் உறிஞ்சுவதைப் பற்றியதுதான். தடுப்பது தனிக் கதை.

பஞ்சுக்குள்ள போன சத்தம் எங்கதான் போகுது?

சூடாகிறது. சத்தம் என்பது காற்று முன்னும் பின்னும் ஆடுவது. பஞ்சின் இழைகளுக்கு நடுவே ஆடும்போது இழையை ஒட்டிய காற்று நகராமல் நிற்கிறது, சற்றுத் தள்ளியிருக்கும் காற்று நகர்கிறது. இரண்டுக்கும் நடுவே உராய்வு. அந்த உராய்வில் ஒலியின் ஆற்றல் வெப்பமாகிறது. இது போக, அழுத்தம் கூடும்போது காற்று துளி சூடாகி இழைக்குக் கொஞ்சம் வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. அதிலும் கொஞ்சம் இழப்பு. இதனால் பேனல் சூடாகுமோ என்று பயப்பட வேண்டாம். நாம் பேசும் பேச்சின் ஒலி ஆற்றலே ஒரு வாட்டில் லட்சத்தில் சில பங்குதான்.

அந்த உராய்வு நடக்கும் காற்றுப் படலத்தின் தடிமனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 100 ஹெர்ட்ஸில் சுமார் 0.2 மி.மீ., 1,000 ஹெர்ட்ஸில் சுமார் 0.07 மி.மீ. துளை இந்த அளவுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் காற்று முழுவதும் உராய்வில் மாட்டும். ஓட்டை பெரிதாக இருந்தால் நடுவில் இருக்கும் காற்று எதிலும் படாமல் ஆடிவிட்டுப் போய்விடும்.

தெர்மாகோல்லயும் துளை இருக்கே? முட்டை ட்ரே ஒட்டினா போதும்னு சொல்றாங்களே?

தெர்மாகோலில் இருப்பது மூடிய குமிழிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழி கிடையாது. காற்று உள்ளே போகாவிட்டால் மேலே சொன்ன உராய்வே நடக்காது. முட்டை ட்ரே மெல்லிய அட்டை. உச்ச அதிர்வெண்களில் கொஞ்சம் சிதறடிக்கும், பேச்சுக்கும் பாட்டுக்கும் பெரிதாக ஒன்றும் செய்யாது.

கடையில் நின்று பார்க்க ஒரு சோதனை உண்டு. துண்டை வாயருகே வைத்து ஊதுங்கள், மறுபக்கம் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். நல்ல ஃபோமில் காற்று முக்கி முனகி வெளியே வரும், கன்னத்தில் லேசாக அழுத்தம் தெரியும். மூச்சு அப்படியே நின்றுவிட்டால் அது மூடிய குமிழி. ஒரு தடையும் இல்லாமல் போய்விட்டால் அது வெறும் வலை. ஜே.சி. ரோடு பக்கம் ஒரு கடையில் ‘அகூஸ்டிக் ஃபோம்’ என்று ஒரு கட்டு வாங்கி வந்தேன். வீட்டில் ஊதிப் பார்த்தால் சொட்டுக் காற்று போகவில்லை. அன்றிலிருந்து ஊதிப் பார்க்காமல் வாங்குவதில்லை. கல் கம்பளியை, அதாவது ராக்வூலை, மட்டும் வெறுமனே வாயருகே கொண்டுபோக வேண்டாம். இழை தொண்டையை அரிக்கும், மெல்லிய துணி சுற்றி ஊதுங்கள்.

பாக்கெட்ல என்.ஆர்.சி. 0.85-னு போட்டிருக்கு. நல்ல சரக்குதானே?

உறிஞ்சல் கெழு என்பது பட்ட ஒலியில் எவ்வளவு திரும்பவில்லை என்பதன் பங்கு. 0 என்றால் எல்லாம் திரும்பிவிட்டது, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. என்.ஆர்.சி. என்பது 250, 500, 1,000, 2,000 ஹெர்ட்ஸ் என்ற நான்கு அதிர்வெண்களில் கிடைத்த கெழுவின் சராசரி, அதையும் 0.05-க்கு முழுமையாக்கிப் போடுவார்கள்.

நான்கையும் ஒன்றாகப் போட்டு அரைத்துவிட்டதால் எது எங்கே வேலை செய்கிறது என்பது தெரியாது. 125 ஹெர்ட்ஸ் கணக்கிலேயே இல்லை. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்திலிருந்து வரும் ‘தொம்’ அந்த எண்ணுக்குள் வரவே வராது. ஒற்றை எண்ணை நம்பாதீர்கள். அதிர்வெண் வாரியான அட்டவணையையும், எவ்வளவு தடிமனில், பின்னால் எவ்வளவு இடைவெளி விட்டு அளந்தார்கள் என்பதையும் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் நாமே கணக்குப் போடலாம்.

கணக்குப் போடறதா? வாங்கி ஒட்டறதுக்கு முன்னாடியே எவ்வளவு உறிஞ்சும்னு சொல்ல முடியுமா?

முடியும், அதுவும் வியக்கத்தக்க அளவுக்குச் சரியாக. நார் வகைப் பொருள்களுக்கு முக்கியமாக ஒரே ஓர் எண் போதும்: காற்றோட்டத் தடை. ஊதிப் பார்த்த சோதனையை எண்ணாக்கினால் அதுதான். மெதுவாக ஒரே சீராகக் காற்றை உள்ளே செலுத்தி, இரண்டு பக்கத்துக்கும் நடுவே எவ்வளவு அழுத்த வித்தியாசம் வருகிறது என்று அளந்து, காற்றின் வேகத்தாலும் பொருளின் தடிமனாலும் வகுக்க வேண்டும். ஐஎஸ்ஓ 9053 என்ற தரநிலை இதற்குத்தான். லேசான பாலியஸ்டர் பஞ்சுக்குச் சில ஆயிரம் வரும். கல் கம்பளிக்குப் பத்தாயிரத்தில் தொடங்கிச் சில பத்தாயிரம் வரை போகும். அலகு பாஸ்கல்-விநாடி, சதுர மீட்டருக்கு.

1970-இல் டெலானி, பேஸ்லி என்ற இருவர் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் நிறைய நார்ப் பொருள்களை அளந்து பார்த்தார்கள். காற்றின் அடர்த்தியை அதிர்வெண்ணால் பெருக்கிக் காற்றோட்டத் தடையால் வகுத்தால் வரும் எண்ணை வைத்துப் படம் போட்டபோது, எல்லாப் பொருள்களும் ஒரே வளைவில் வந்து உட்கார்ந்தன. எனக்கு இது இன்னும் அலுக்காத விஷயம். எந்தத் தொழிற்சாலை, எந்த நார் என்று கேட்காமலே, காற்று எவ்வளவு சிரமப்பட்டுப் போகிறது என்பதை மட்டும் கேட்டு ஒலியின் கதையைச் சொல்லிவிட முடிகிறது.

சரி, ஒரு உதாரணம் போட்டுக் காட்டுங்களேன்.

50 மி.மீ. கல் கம்பளி, காற்றோட்டத் தடை 10,000, பின்னால் கெட்டிச் சுவர், ஒலி நேராக வந்து படுகிறது. காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ, ஆகவே 500 ஹெர்ட்ஸில் 1.2 × 500 ÷ 10,000 = 0.06. இந்த 0.06-ஐ டெலானி–பேஸ்லி சமன்பாடுகளில் போட்டால் இரண்டு விஷயம் கிடைக்கும். ஒன்று, அந்தப் பொருள் உள்ளே வரும் ஒலிக்கு எவ்வளவு தடை கொடுக்கிறது. இன்னொன்று, உள்ளே ஒலி எவ்வளவு மெதுவாகிறது, எவ்வளவு தேய்கிறது. இந்தக் கம்பளிக்குள் 500 ஹெர்ட்ஸ் ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டரிலிருந்து சுமார் 200 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது.

இறுதியில் வரும் உறிஞ்சல் கெழு: 125 ஹெர்ட்ஸில் 0.03, 500-இல் 0.50, 1,000-இல் 0.89. ஒரே பலகைதான். 1,000-இல் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் விழுங்குகிறது, 125-இல் சுவர் மாதிரியே நிற்கிறது. ஒற்றை எண்ணை நம்பாதீர்கள் என்று நான் சொன்னது இதனால்தான். இந்தக் கணக்கை எக்செல்லில் அரை மணி நேரத்தில் போட்டுவிடலாம். கலப்பெண்கள் (complex numbers) தெரிந்தால் போதும்.

ஒரு இன்ச் ஒட்டினா பத்தாதா? இடம் வீணாகுதே.

கெட்டிச் சுவரை ஒட்டிய காற்று ஆட முடியாது. சுவர்தான் நிறுத்திவிடுகிறதே. ஆட்டம் அதிகமாக இருப்பது சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளி. உராய்வுக்கு ஆட்டம் வேண்டும் என்றால் பஞ்சு அங்கே இருக்க வேண்டும். 1,000 ஹெர்ட்ஸுக்குக் காற்றில் கால் அலைநீளம் 8.6 செ.மீ., 100 ஹெர்ட்ஸுக்கு 86 செ.மீ. ஒரு இன்ச் பஞ்சால் கீழ் ஒலியை ஏன் பிடிக்க முடியாது என்பது இந்த இரண்டு எண்ணிலேயே இருக்கிறது.

மேலே பார்த்த அதே கம்பளியை 100 மி.மீ. ஆக்கினால் 500 ஹெர்ட்ஸில் 0.50 என்பது 0.94 ஆகிறது. உள்ளே வேகம் 200 மீட்டர் என்றேன் அல்லவா, அங்கே அலைநீளம் 40 செ.மீ., அதில் கால் பங்கு சரியாக 10 செ.மீ.

காசு ரெட்டிப்பாகுமே! வேற வழி இல்லையா?

இருக்கிறது, அதைத்தான் நான் முதலில் சொல்வேன். அதே 50 மி.மீ. பலகையைச் சுவரில் ஒட்டாமல் மரச் சட்டம் அடித்து 50 மி.மீ. தள்ளி நிறுத்துங்கள். கணக்கில் 500 ஹெர்ட்ஸ் கெழு 0.91. நூறு மி.மீ. கம்பளி கொடுத்த 0.94-க்கு மிகப் பக்கம். பஞ்சின் செலவு பாதி. பின்னால் இருப்பது வெறும் காற்று, அதற்கு யாரும் பில் போடுவதில்லை.

அல்சூர் டீச்சர் வீட்டில் இதைத்தான் செய்தோம். பேனலுக்குப் பின்னால் கை விட்டால் நுழைகிற இடைவெளி. தச்சர் இரண்டு முறை ‘மேடம், ஒட்டிடட்டுமா?’ என்று கேட்டார்.

அடர்த்தி அதிகமா, நல்லா கெட்டியா இருக்கறதை வாங்கினா இன்னும் நல்லதுதானே?

ஓர் அளவு வரை. கெட்டி அதிகமானால் ஒலி உள்ளே நுழையாமல் வாசலிலேயே திரும்பிவிடும். அதே 50 மி.மீ.-இல் காற்றோட்டத் தடையை 10,000-லிருந்து 1,00,000 ஆக்கிப் பார்த்தால் 1,000 ஹெர்ட்ஸ் கெழு 0.89-லிருந்து 0.58-க்கு இறங்குகிறது. அதிகம் விலை கொடுத்துக் குறைவாக வாங்குகிறோம்.

கைக்கணக்கு இப்படி: காற்றோட்டத் தடையைத் தடிமனால் (மீட்டரில்) பெருக்குங்கள். வரும் எண் காற்றின் சொந்த ஒலித்தடைக்கு ஒரு மடங்கிலிருந்து மூன்று மடங்குக்குள் இருந்தால் நல்லது. காற்றின் அடர்த்தியை ஒலியின் வேகத்தால் பெருக்கினால் வருவதுதான் இந்த ஒலித்தடை, கடல்மட்டத்தில் சுமார் 413. நம் பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் காற்று சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு லேசு, இங்கே சுமார் 370. அதனால் அதே பஞ்சு இங்கே கொஞ்சம் கெட்டியான பஞ்சு மாதிரி நடந்துகொள்ளும். சின்ன வித்தியாசம்தான், ஆனாலும் என் எக்செல்லில் 1.2 என்ற இடத்தில் 1.07 போட்டுத்தான் வைத்திருக்கிறேன். மேலே காட்டிய உதாரணங்களுக்கு, புத்தகங்களில் வரும் எண்களோடு ஒத்துப் பார்க்க வசதியாக, 1.2-ஐயே வைத்தேன்.

மேலே துணி போர்த்தலாமா? பெயிண்ட் அடிக்கலாமா?

ஊதினால் காற்று போகும் துணி எதுவானாலும் சரி. பெயிண்ட் வேண்டாம், துளையை அடைத்துவிடும். சாதாரண ஃபோம் தீப்பிடித்தால் வேகமாக எரியும், நச்சுப் புகை வரும். பிள்ளைகள் உட்காரும் அறையில் தீத்தடுப்புச் சான்று இல்லாத ஃபோமைப் போடாதீர்கள். கல் கம்பளியின் நார் எரியாது.

தென்னை நார் போடலாமா? ஊர்ல மலிவா கிடைக்குமே.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி. எனக்கும் பிடித்த பொருள். போடலாம், ஆனால் கண்ணாடி நார்க் கணக்கை அப்படியே அதற்குப் போடக் கூடாது. கண்ணாடி நாரின் இழை சில மைக்ரான் தடிமன். தென்னை நார் நூறு மைக்ரானுக்கு மேல், பல இழைகள் இருநூறையும் தாண்டும். அதே அளவு நாரை அடைத்தாலும், காற்றோட்டத் தடை இழைத் தடிமனின் இருமடிக்கு ஏறத்தாழ எதிர்விகிதத்தில் மாறும். ஆக, தென்னை நாரில் காற்று சுலபமாக ஓடிவிடுகிறது, உராய்வு போதவில்லை.

ஈடுகட்ட மூன்று வழி: தடிமனைக் கூட்டுவது, அழுத்தி நெருக்கமாக்குவது, ரப்பர் பாலில் பிணைத்த விரிப்பாக வாங்குவது. பின்னால் இடைவெளி விடுவது இதற்கும் உதவும். ஊதிப் பார்த்து, காற்று தாராளமாகப் போனால் இன்னொரு அடுக்கு சேருங்கள்.

லேப் ரிப்போர்ட்ல 1.05-னு இருக்கு. நூறு சதவீதத்துக்கு மேல எப்படி உறிஞ்சும்?

உறிஞ்சவில்லை. அளந்த விதத்தால் வந்த எண். ஐஎஸ்ஓ 354 முறையில் எதிரொலி நீளமாக நிற்கும் பெரிய வெற்று அறையில் 10 முதல் 12 சதுர மீட்டர் பொருளைத் தரையில் விரித்து, சத்தம் அடங்கும் நேரம் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பார்கள். விளிம்புக்கு அருகே போகும் ஒலியும் வளைந்து உள்ளே இழுக்கப்படும். பொருள் தன் பரப்பைவிடப் பெரிதாக நடந்துகொள்வதால் வகுக்கும்போது 1-ஐத் தாண்டிவிடுகிறது.

நான் மேலே போட்ட கணக்கு ஒலி நேராக வந்து படுவதற்கானது. அந்தப் பெரிய அறையில் எல்லாத் திசையிலிருந்தும் வந்து படுகிறது. அதனால் லேப் எண் பெரும்பாலும் நம் எண்ணைவிட அதிகமாக இருக்கும், குறிப்பாகக் கீழ் அதிர்வெண்களில். இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘உங்க கணக்கு தப்பு’ என்று சொல்பவர்களுக்கு இதுதான் பதில்.

குழாயில வச்சு அளந்தேன், உங்க கணக்கோட ஒத்துப்போகலை. எது தப்பு?

குழாய் அளவீட்டில் (ஒரு முனையில் ஸ்பீக்கர், மறுமுனையில் பொருளின் வட்டத் துண்டு) ஒலி நேராகத்தான் படுகிறது, ஆகவே அது கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் முதலில் மாதிரியைப் பாருங்கள். தொடக்க காலத்தில் நான் 100 மி.மீ. குழாய்க்குச் சமையலறைக் கத்தியால் கம்பளியை வட்டமாக வெட்டினேன். ஒரு பக்கம் இரண்டு மி.மீ. குறைந்துவிட்டது. அந்தப் பிறை போன்ற சந்து வழியே ஒலி புகுந்து வளைவையே மாற்றிவிட்டது. வட்டம் பெரிதாகிவிட்டால் நாம் அமுக்கி உள்ளே தள்ளுவோம், அப்போது பொருளே வேறாகிவிடுகிறது. இப்போது கூர்மையான விளிம்புள்ள எஃகு வளையத்தைச் சுற்றிச் சுற்றி அழுத்தி வெட்டுகிறேன், ஒரே பொருளில் மூன்று துண்டு எடுத்து மூன்றையும் அளக்கிறேன். 100 மி.மீ. குழாயில் சுமார் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வரும் எண்ணை நம்பக் கூடாது என்பதையும் மறக்காதீர்கள். அதற்குச் சின்னக் குழாய் வேண்டும்.

மாதிரி சரியாக இருந்தும் ஓரிடத்தில் மட்டும் பள்ளமோ மேடோ வந்தால், பொருளின் எலும்புக்கூடே அதிர்கிறதோ என்று சந்தேகப்படலாம். மென்மையான ஃபோமில் இது நடக்கும். நார் அசையாது என்று வைத்துத்தான் எளிய சூத்திரங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அசைவதையும் சேர்த்துக் கணக்கிட மோரிஸ் பியோ 1956-இல் கொடுத்த கோட்பாடு இருக்கிறது.

டெலானி–பேஸ்லி எப்ப காலை வாரும்?

மூன்று இடங்களில். ஒன்று, எல்லைக்கு வெளியே. மேலே 0.06 என்று வந்த அந்த எண் 0.01-க்கும் 1-க்கும் நடுவே இருக்க வேண்டும். 10,000 தடை உள்ள பொருளுக்கு இது சுமார் 83 ஹெர்ட்ஸ் முதல் 8,300 ஹெர்ட்ஸ் வரை. அதற்குக் கீழே போனால் இயற்பியலுக்கு ஒவ்வாத விடைகள்கூட வரும். அந்தக் குறையைச் சரிசெய்து மிகி என்ற ஜப்பானியர் 1990-இல் கெழுக்களைத் திருத்திக் கொடுத்தார். எனக்குக் கைவசம் இருப்பது மிகியின் சமன்பாடுதான்.

இரண்டு, நார் அல்லாத பொருள்கள். ஃபோம், துளைக் கான்கிரீட், மரச்சீவல் பலகை போன்றவற்றில் துளையின் வடிவமும் முக்கியம். அங்கே ஜான்சன், ஷாம்பூ, அல்லார் பெயரில் வழங்கும் மாதிரிக்குப் போக வேண்டும். அது ஐந்து எண் கேட்கும்: காற்றோட்டத் தடை, மொத்தத்தில் எவ்வளவு வெற்றிடம், பாதை எவ்வளவு வளைந்து நெளிந்து போகிறது, அப்புறம் உராய்வுக்கு ஒன்று, வெப்பத்துக்கு ஒன்று என இரண்டு துளை அளவுகள். ஐந்தையும் சரியாக அளக்க முடியாவிட்டால் ஊகித்துப் போடாதீர்கள். தவறான ஐந்து எண்ணைவிடச் சரியான ஓர் எண் மேல்.

மூன்றாவது, மேலே சொன்ன மென்மையான, அதிரும் பொருள்கள்.

கெழு கிடைச்சாச்சு. என் ரூமுக்கு எத்தனை பேனல் வேணும்?

இதற்கு வாலஸ் சபைனிடம் போக வேண்டும். 1895-இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய விரிவுரை அறையில் பேச்சே புரியவில்லை. சரிசெய்யும் பொறுப்பு இவருக்கு வந்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து வரிசை வரிசையாக அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, சத்தம் காதுக்குக் கேட்காமல் போகும் வரை நேரம் பார்த்தார். அதிலிருந்து வந்த சூத்திரம்: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் வகுத்தால் முழக்கம் அடங்கும் நேரம். உறிஞ்சலை அவர் எத்தனை சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம் என்றுதான் கணக்கிட்டார். திறந்த ஜன்னலில் போன சத்தம் திரும்பாதே.

6 × 4 × 3 மீட்டர் பாட்டு வகுப்பு அறை, 72 கன மீட்டர். பூசிய சுவர், டைல்ஸ் தரை, மொத்த உறிஞ்சல் 6 சதுர மீட்டர் என்று வைத்தால் முழக்கம் 1.9 விநாடி. கெழு 0.9 உள்ள பேனல் 12 சதுர மீட்டர் மாட்டினால் உறிஞ்சல் 6 + 0.9 × 12 = 16.8, நேரம் 0.7 விநாடி. முதல் 12 சதுர மீட்டருக்கே இவ்வளவு மாற்றம். அடுத்த 12-க்கு 0.4-தான் வரும், அறை செத்துப்போன மாதிரி இருக்கும், பாடுகிறவருக்குத் தன் குரலே துணைக்கு வராது. பாட்டுக்கு நான் 0.7-இலேயே நிறுத்திவிடுவேன்.

எல்லாம் போட்டாச்சு, ஆனா மிருதங்கம் வாசிச்சா மட்டும் இன்னும் குமுறுது. ஏன்?

50 மி.மீ.-க்கு 125 ஹெர்ட்ஸில் 0.03 என்று வந்ததை மறுபடி பாருங்கள். பேனல்கள் மேல் ஒலியை எடுத்துவிட்டன, கீழ் ஒலியைத் தொடவே இல்லை. அது முன்பைவிடத் தனியாகத் துருத்திக்கொண்டு கேட்கிறது. இன்னும் அதே பேனலை வாங்கி மாட்டினால் நிலைமை மோசமாகும்.

அறையின் மூலைகளுக்குப் போங்கள். கீழ் ஒலியின் அழுத்தம் அங்கேதான் கூடுகிறது, மூலைக்குக் குறுக்கே பலகையைச் சாய்த்து நிறுத்தினால் பின்னால் தானாகவே ஓரடிக்கு மேல் ஆழம் கிடைக்கும். மூலைக்குப் போடும் பஞ்சு, மெல்லிய பேனலுக்குப் போடுவதைவிட லேசாக, 5,000 பக்கம் இருக்கட்டும். தடிமன் கூடக் கூடத் தடை குறைய வேண்டும் என்ற கைக்கணக்கு இங்கேயும் அதுவேதான். அதிலும் அடங்காவிட்டால் ஒட்டுப்பலகைப் பெட்டி, துளைப் பலகைப் பெட்டி மாதிரி ஒரே அதிர்வெண்ணைக் குறிவைக்கும் அமைப்பு செய்ய வேண்டியிருக்கும். அதற்கு மிருதங்கம் எந்தச் சுருதியில் நிற்கிறது என்பதைச் சொல்லுங்கள், அங்கிருந்து தொடங்கலாம்.